வெயிலைச் சேர்த்து வைத்தால் கட்டுபடியாகுமா?

கராடியில் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு டீசல் ஜெனரேட்டரின் சத்தம் புதிதல்ல. கரண்ட் போனதும் கீழே அது உறுமும். லிஃப்ட் மறுபடி நகரும். மாதக் கடைசியில் அதன் செலவு மெயின்டனன்ஸ் பில்லில் வந்து உட்காரும்.

அந்த ஜெனரேட்டரைத் தூக்கிவிட்டு, மொட்டை மாடியில் சூரியத் தகடும் கீழே பேட்டரியும் வைத்தால் என்ன என்று சொசைட்டிக் கூட்டங்களில் கேட்கிறார்கள். பகல் வெயிலைப் பிடித்து இரவில் எரிக்கலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால், முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ரெயில் பெட்டியில் உள்ளதுதான்

இந்த ஏற்பாடு நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. பெரம்பூரில் செய்த பழைய ரெயில் பெட்டிகளில் சக்கரம் சுழலும்போது அச்சோடு பெல்ட் பூட்டிய யந்திரம் மின்சாரம் தரும். மிஞ்சியது பெட்டிக்கு அடியில் உள்ள பேட்டரிகளில் சேரும். வண்டி நின்றால் விளக்கும் விசிறியும் பேட்டரியில் ஓடும். சிக்னல் கிடைக்காமல் இரவில் நெடுநேரம் நின்றுவிட்டால் விளக்கு மங்கும். சேர்த்தது எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும்.

கட்டடத்துக்கும் அதே நிலைதான். புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நாள் கணக்கில் மேகம் மூடியிருக்கும். அப்போது தகடு தருவது குறையும். கரண்ட் போவதும் பெரும்பாலும் அந்த மழைக்காலத்தில்தான். அதனால் பேட்டரியைத் தினமும் மாலையில் காலி செய்துவிடக்கூடாது. லிஃப்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் மாடிப்படி விளக்குக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியைத்தான் செலவுக்கு எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பேட்டரி இல்லாத சாதாரணச் சூரியத் தகடு, தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். வாரியத்தின் கம்பியைத் துண்டித்துக்கொண்டு கட்டடம் மட்டும் தனித் தீவாக ஓட வேண்டுமானால், அதற்கென்று இன்வர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்.

பத்து ரூபாய்க் கணக்கு

10 யூனிட் பிடிக்கும் பேட்டரி 1 லட்சம் ரூபாய், 3,000 தடவை நிரப்பிக் காலி செய்யலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் முழுதும் அது தருவது 30,000 யூனிட். யூனிட்டுக்குத் தேய்மானமே 3 ரூபாய் 33 காசு ஆகிறது. 6 ரூபாய் மின்சாரத்தை உள்ளே விட்டால் பத்தில் ஒரு பங்கு வழியில் போய்விடும். எடுக்கும்போது அது 6 ரூபாய் 67 காசு. ஆக மொத்தம் 10 ரூபாய்.

மாலை மின்சாரம் 10 ரூபாய்க்குக் கீழே கிடைக்கும்வரை, விலை வித்தியாசத்துக்காக மட்டும் பேட்டரி வாங்குவது நஷ்டம். ஆனால் டீசலோடு ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகிறது. ஒரு லிட்டரில் சுமார் 3 யூனிட்தான் வரும். லிட்டர் 90 ரூபாய் என்றால் யூனிட் 30 ரூபாய்!

விலைதான் நிலையில்லாத சரக்கு. சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்வாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜூனில் விதியைத் திருத்தியது. மராட்டிய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2025 மார்ச் 28-ல் புதிய கட்டணத்தை அறிவித்தது. சில நாட்களில் அதை நிறுத்தி வைத்தது. ஜூனில் மாற்றி அறிவித்தது. மூன்று மாதத்துக்குள் இத்தனை மாற்றம் என்றால், பத்து வருடக் கணக்கை யாரை நம்பிப் போடுவது?

2006-ல் நடந்தது

புனே இந்தச் சிக்கலைப் பேட்டரி இல்லாமலே ஒரு தடவை சமாளித்திருக்கிறது. 2006-ல் மாநிலமெங்கும் மின்வெட்டு. நகருக்கு உச்ச நேரத்தில் குறைந்தது சுமார் 90 மெகாவாட். தொழிற்சாலைகள் தங்கள் சொந்த ஜெனரேட்டர்களை அந்த நேரத்தில் ஓட்டி, வாரியத்திடம் வாங்குவதைக் குறைத்துக்கொள்வதாக இந்தியத் தொழில் கூட்டமைப்பு முன்வந்தது. கூடுதல் செலவு நகர மக்களின் பில்லில் தனிக் கட்டணமாக ஏறியது. குறைவாக எரிக்கும் வீடுகளுக்கு விலக்கு. மின்வெட்டு நீங்கியது. 'புனே மாடல்' என்று பெயரும் வந்தது. யார் எவ்வளவு கொடுப்பது என்பதை முதலிலேயே பேசி முடித்ததால்தான் அது நடந்தது.

சேமிப்பு என்றால் பேட்டரிதான் என்றும் இல்லை. வால்பாறைப் பக்கம் போனவர்கள் காடம்பாறையை அறிவார்கள். அங்கே 1987 முதல் மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். முல்ஷி ஏரித் தண்ணீரில் ஓடும் பீராவிலும் அப்படி 150 மெகாவாட் யந்திரம் உண்டு.

இட்லி மாவுக் கடைக்காரர் இதைத் தண்ணீர் இல்லாமலே செய்யலாம். மாலையில் ஆட்டுவதைப் பகல் 12 மணிக்கு ஆட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் அதுவும் சேமிப்புதான். சொசைட்டி பம்பும் நடுப்பகலில் ஓடித் தொட்டியை நிரப்பலாம். பத்து பைசா முதலீடு இல்லை.

வாடகைக்கு இருப்பவர் நிலைதான் சங்கடமானது. கூட்டத்தில் கை தூக்குவது வீட்டுக்காரர். பேட்டரி செலவு மெயின்டனன்ஸில் ஏறினால் பெரும்பாலும் கட்டுவது குடியிருப்பவர். ஒற்றை அறைக்காரர்களிடம் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கும் இடங்களும் உண்டு. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை யூனிட்டுக்கு 80 காசு முதல் 1 ரூபாய் வரை தள்ளுபடி என்று மஹாவிதரண் 2025 ஜூலை முதல் அறிவித்தது. அது வீட்டுக்காரர் பில்லில்தான் கழியும். ஷிஃப்ட் முடிந்து பகலில் அறையில் தூங்குபவர்கள், வாடகை கொடுக்கப் போகும்போது அந்தப் பில்லைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம்.