பிட் பிசகாத பிரதி

அலமாரி நிறைய இருக்கும் இசை சிடிகளைக் கணினிக்கு மாற்ற நினைப்பவர்கள், உயர்ந்த தரம் வேண்டும் என்று 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போன்ற பெரிய எண்களைத் தேடுகிறார்கள். ஆனால் 1982இல் சந்தைக்கு வந்த ஆடியோ சிடியில் பதிந்திருப்பது, இடம் வலம் என இரண்டு சேனல்களிலும் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். தட்டில் இல்லாததைக் கோப்பில் கூட்டினால் கோப்புதான் பெருக்கும். தட்டில் உள்ள எண்களை ஒன்றும் பிசகாமல் எடுப்பதும், எடுத்தது சரிதானா என்று சோதிப்பதுமே இங்கே தரம்.

எண்களை நகலெடுப்பதில் பிசகு எப்படி வரும்? தரவு சிடியின் ஒவ்வொரு செக்டாரிலும் உள்ள 2,352 பைட்டுகளில் 2,048தான் தரவு. மீதியில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கான கூடுதல் காவல். ஆடியோ சிடியிலோ 2,352ம் இசைக்கே போய்விடுகிறது. அடிப்படைப் பிழை திருத்தம் இதிலும் உண்டு. ஆனால் கீறல் அதையும் மீறினால், முன்பின் மாதிரிகளை வைத்து விடுபட்டதை ஊகித்து நிரப்புவது வழக்கம். காதுக்கு அது பெரும்பாலும் தெரியாது. நகல் சுத்தமானது என்றே நம்பிவிடுவோம்.

இதனால்தான் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள்கள் சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து ஒப்பிடுகின்றன. அக்யூரேட்ரிப் தரவுத்தளம், அதே ஆல்பத்தைப் பிறர் எடுத்தபோது கிடைத்த செக்சம் என்னும் சரிபார்ப்பு எண்ணோடு நம்முடையதைப் பொருத்திப் பார்க்கிறது. வெவ்வேறு டிரைவ்களில், வெவ்வேறு தட்டுகளில் ஒரே வாசிப்புப் பிழை நேர்வது அரிது. எண்கள் ஒத்துப்போனால் நம்பலாம். பிறர் எடுக்காத அபூர்வ வெளியீடு என்றால், இரண்டு டிரைவ்களில் எடுத்து நாமே ஒப்பிட வேண்டியதுதான்.

320 கிலோபிட் எம்பி3 போதாதா? கேட்பதற்குப் பலருக்கும் போதும். ஆனால் எம்பி3 ஒலியின் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கழித்துவிடுகிறது. நாளை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது மேலும் இழப்பு. 2001இல் வந்த ஃபிளாக் என்ற கோப்பு வடிவம் எதையும் இழக்காமல் சுருக்குகிறது. ஒரு மணி நேர இசையின் 635 எம்பி பெரும்பாலும் பாதியை ஒட்டிக் குறையும். ஆயிரம் தட்டுகளும் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் தாராளமாக அடங்கும்.

தட்டுதான் பத்திரமாக இருக்கிறதே என்பதும் முழு உண்மை அல்ல. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் தயாரான பல சிடிகள், உள்ளிருக்கும் உலோகப் படலம் அரித்துப் பழுப்பேறிக் கெட்டன. ஸ்ட்ரீமிங்கை நம்பினால், பழைய பதிப்பு இருந்த இடத்தில் ரீமாஸ்டர் வந்து உட்காரலாம். ஆயிரம் தட்டுகளை இரண்டாம் தடவை எடுக்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. எனவே சரிபார்ப்புப் பதிவையும் கோப்புகளோடு சேர்த்து, இன்னொரு டிஸ்க்கிலும் நகல் வைத்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.