கொள்கலன்களும் பிள்ளை உறுப்புகளும்

மாணவர்களே, வகுப்பில் பஸ்கால் மொழியில் நீங்கள் எழுதும் செய்நிரல்கள் பெரும்பாலும் கறுப்புத் திரையில் ஓடுபவை. எண்ணைக் கேட்கும், விடையை எழுதும், முடிந்துவிடும். ஆனால் கடையிலும் வங்கியிலும் நாம் காணும் மென்பொருள்களில் சாளரம், பொத்தான், எழுதும் பெட்டி என்பன இருக்கின்றன. இதனை வரைவியல் பயனர் இடைமுகம் என்கிறோம். நீங்கள் கற்ற அதே பஸ்காலைக் கொண்டே இத்தகைய இடைமுகத்தையும் அமைக்கலாம். 1970 இல் நிக்கலஸ் விர்த் வெளியிட்ட பஸ்காலை அடிப்படையாக வைத்து, 1995 இல் போலன்ட் நிறுவனம் டெல்பி என்னும் கருவியை வெளியிட்டது. அதே முறையைப் பின்பற்றி 1999 இல் ஆரம்பிக்கப்பட்ட லசாரஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஒப்படை செய்ய விரும்பும் மாணவருக்கு இது போதும்.

இப்பகுதியில் லசாரஸின் கொள்கலன்களைப் பற்றிப் பார்ப்போம். உரிய சொற்கள் கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டெழுதப்படும். இங்கு அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் தருகிறோம். கட்டளைகளைப் போலிக் குறிமுறையில் தருகிறோம்.

1. கொள்கலன் என்றால் என்ன?

வீட்டு அலுமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அலுமாரிக்குள் லாச்சி, லாச்சிக்குள் கொப்பிகள். அலுமாரியை நகர்த்தினால் லாச்சியும் கொப்பியும் கூடவே நகரும். அலுமாரிக் கதவை மூடினால் உள்ளே உள்ள எதுவும் தெரியாது.

இடைமுகத்திலும் இவ்வாறே. தனக்குள் வேறு உறுப்புகளை வைத்திருக்கக்கூடிய உறுப்பு கொள்கலன் எனப்படும். அதனுள் இருப்பவை அதன் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு அக்கொள்கலன் பெற்றோர் ஆகும். படிவம், பனல், குரூப் பொக்ஸ், ஸ்குரோல் பொக்ஸ் என்பன கொள்கலன்கள். எழுத்தைக் காட்டும் லேபிள் கொள்கலனாக முடியாது.

பெற்றோர் – பிள்ளை உறவின் விளைவுகள் நான்கு:

(அ) இடம்: பிள்ளையின் இடப்பக்கத் தூரமும் மேற்பக்கத் தூரமும் பெற்றோரின் மூலையிலிருந்தே அளக்கப்படும், திரையின் மூலையிலிருந்து அன்று.

(ஆ) தோற்றம்: பெற்றோரை மறைத்தால் பிள்ளைகளும் மறையும். எனினும் பிள்ளையின் "விசிபிள்" பண்பு "உண்மை" என்றே இருக்கும். கதவை மூடியதால் கொப்பி இல்லாமற் போவதில்லை அல்லவா?

(இ) செயல்: பெற்றோரைச் செயலிழக்கச் செய்தால் அதனுள் உள்ள பொத்தான்களைச் சொடுக்கிப் பயனில்லை.

(ஈ) குழு: ஒரே பெற்றோருக்குள் இருக்கும் ரேடியோ பொத்தான்களில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தெரிவு செய்யலாம்.

நான்காவதை மாணவர் பலர் கவனிப்பதில்லை. பாடசாலை அனுமதிப் படிவம் ஒன்றில் "ஆண், பெண்" என இரண்டும், "தமிழ், சிங்களம், ஆங்கிலம்" என மூன்றுமாக ஐந்து ரேடியோ பொத்தான்களை நேரடியாகப் படிவத்தின் மீதே வைத்தால் என்ன நடக்கும்? "பெண்" என்பதைத் தெரிவு செய்து, பின்னர் "தமிழ்" என்பதைத் தெரிவு செய்தவுடன் "பெண்" அழிந்துவிடும். ஐந்துக்கும் பெற்றோர் ஒன்றே என்பதால் ஐந்தும் ஒரே குழு. இரண்டு குரூப் பொக்ஸ்களை வைத்து, ஒன்றினுள் இரண்டையும் மற்றையதனுள் மூன்றையும் வைத்தால் பிரச்சினை தீரும். கொள்கலன் அழகுக்காக மட்டும் அன்று என்பதற்கு இதுவே சான்று.

2. பெற்றோர் வேறு, உரிமையாளர் வேறு

இப்பகுதியில் அதிகம் குழப்பம் தருவது இதுவே. லசாரஸில் ஓர் உறுப்புக்கு "பேரன்ட்" எனப்படும் பெற்றோர் உண்டு. "ஓனர்" எனப்படும் உரிமையாளரும் உண்டு.

நூலகப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். அதன் முதற் பக்கத்தில் நூலகத்தின் முத்திரை இருக்கும். அது உரிமையைக் காட்டுகிறது. அப்புத்தகம் இன்று எந்தத் தட்டில் இருக்கிறது என்பது வேறு விடயம். ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றினாலும் முத்திரை மாறாது.

பெற்றோர் என்பது தட்டு. உறுப்பு திரையில் எதனுள் தோன்றுகிறது என்பதை அது தீர்மானிக்கும். உரிமையாளர் என்பது முத்திரை. உரிமையாளர் நினைவகத்திலிருந்து அழிக்கப்படும்போது அதற்கு உரிய எல்லாவற்றையும் அழித்துவிட்டே செல்லும்.

சாளரத்தை வடிவமைக்கும்போது சுட்டியால் இழுத்து வைக்கும் உறுப்புகளுக்கு உரிமையாளர் படிவமே. பனலின் மீது வைத்த பொத்தானுக்குப் பெற்றோர் பனல், உரிமையாளர் படிவம். நேரத்தை எண்ணும் டைமர் போன்ற கண்ணுக்குத் தெரியாத கூறுக்கு உரிமையாளர் உண்டு, பெற்றோர் இல்லை.

செய்நிரல் ஓடும்போது புதிய பொத்தானை உருவாக்கினால் இரண்டையும் நாமே குறிப்பிட வேண்டும்:

பொத்தான் := புதிய பொத்தானை உருவாக்கு (உரிமையாளர்: படிவம்)
பொத்தான்.பெற்றோர் := பனல்

இரண்டாம் வரியை மறந்தால் பொத்தான் நினைவகத்தில் இருக்கும், திரையில் தோன்றாது. வழுச் செய்தியும் வராது. முதல் வரியில் உரிமையாளரை "நில்", அதாவது "எவருமில்லை" எனக் கொடுத்தால் அதனை அழிக்கும் பொறுப்பு உங்களுடையது.

3. மறைத்தல், இடமாற்றல், அழித்தல்

• மறைத்தல்: விசிபிள் பண்பைப் "பொய்" ஆக்குதல். உறுப்பு நினைவகத்தில் இருக்கும். பெற்றோரின் பட்டியலிலும் இருக்கும்.
• இடமாற்றல்: பெற்றோர் பண்புக்குப் புதிய கொள்கலனைக் கொடுத்தல். ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு பெற்றோரே இருக்கலாம். ஆகவே பழைய கொள்கலனின் பட்டியலிலிருந்து அது தானாகவே நீங்கும்.
• அழித்தல்: "ஃப்ரீ" என்னும் கட்டளை. உறுப்பு நினைவகத்திலிருந்தே நீங்கும். பெற்றோரின் பட்டியலும் சுருங்கும்.

இவற்றின் வேறுபாடு ஏன் முக்கியம்? பல்தேர்வு வினாப் பயிற்சி மென்பொருள் ஒன்றைச் செய்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு வினாவுக்கும் பனல் மீது நான்கு ரேடியோ பொத்தான்களைப் புதிதாக உருவாக்குகிறோம். அடுத்த வினா வரும்போது பழையவற்றை மறைத்துவிட்டு மட்டும் சென்றால், 40 வினாக்கள் முடிவில் நினைவகத்தில் 160 ரேடியோ பொத்தான்கள் சேர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரிபவை நான்கே. எனவே பழையவற்றை அழிப்பதே முறை.

4. பிள்ளைகளை அழிக்கும்போது வரும் வழு

கொள்கலன் தன் பிள்ளைகளைப் பட்டியலில் வைத்திருக்கும். பட்டியல் 0 இலிருந்து எண்ணப்படும். நான்கு பிள்ளைகள் இருந்தால் அவற்றின் சுட்டெண்கள் 0, 1, 2, 3. பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தருவது "கொன்ட்ரோல் கவுண்ட்" ஆகும். இது நேரடிப் பிள்ளைகளை மட்டுமே எண்ணும், பேரப்பிள்ளைகளை எண்ணாது.

நான்கையும் அழிக்க மாணவர் ஒருவர் இவ்வாறு எழுதுகிறார்:

ந = 0 இலிருந்து (எண்ணிக்கை – 1) வரை
  பிள்ளை[ந] ஐ அழி

பார்வைக்குச் சரியாகவே தெரிகிறது. சுவடு பார்ப்போம். விடைகளை வி1, வி2, வி3, வி4 எனக் கொள்வோம். பஸ்காலில் "போர்" தடத்தின் இறுதிப் பெறுமானம் தடம் தொடங்கும்போது ஒரு தடவை மட்டுமே கணிக்கப்படும் என்பதை நினைவிற் கொள்க. இங்கு அது 3.

ந = 0: வி1 அழியும். மிகுதி வி2, வி3, வி4. இப்போது வி2 இன் சுட்டெண் 0 ஆகிவிட்டது!
ந = 1: சுட்டெண் 1 இல் இருப்பது வி3. அது அழியும். மிகுதி வி2, வி4.
ந = 2: பட்டியலில் சுட்டெண்கள் 0, 1 மட்டுமே உண்டு. எல்லை மீறப்பட்டது, இயங்குநேர வழு.

வி2 உம் வி4 உம் தப்பிவிட்டன. பயிற்சி செய்யும் பிள்ளை அடுத்த வினாவுக்குப் போக விரும்பும்போது திரையில் வழுச் செய்தியும் முந்திய வினாவின் இரண்டு விடைகளுமே இருக்கும். இச்செய்நிரலில் தொடரியல் வழு இல்லை. ஆகவே தொகுப்பி இதனைக் காட்டித் தராது. பனலில் ஒரேயொரு பிள்ளை இருந்தால் இவ்வழு வெளிப்படவே மாட்டாது. ஒரு தரவை மட்டும் இட்டுச் சோதித்துவிட்டுச் "சரி" என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தீர்வு, பின்னிருந்து முன்னாக வருவது:

ந = (எண்ணிக்கை – 1) இலிருந்து 0 வரை இறங்குமுகமாக
  பிள்ளை[ந] ஐ அழி

பஸ்காலில் இதற்கு "டவுன்ரு" என்னும் சொல் உண்டு. வி4, வி3, வி2, வி1 என அழியும். கடைசியில் இருப்பதை எடுக்கும்போது முன்னால் இருப்பவற்றின் சுட்டெண் மாறுவதில்லை. வரிசையில் நிற்கும் ஆட்களில் கடைசி ஆள் விலகினால் முன்னால் நிற்பவரின் இடம் மாறாது. முதல் ஆள் விலகினால் எல்லோரும் ஓரடி முன்னே வருவர். இன்னொரு வழி:

எண்ணிக்கை > 0 ஆக உள்ளவரை
  பிள்ளை[0] ஐ அழி

இங்கு எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்க்கப்படுவதால் இதுவும் சரி. பிள்ளைகளை வேறு கொள்கலனுக்கு இடமாற்றும்போதும் பட்டியல் சுருங்குவதால் இதே கவனம் தேவை.

கவனிக்க: "அடுத்து" என்னும் பொத்தானை அதே பனலுக்குள் வைக்க வேண்டாம். வைத்தால், சொடுக்கியதும் தன் வேலையை முடிக்கும் முன்னரே அதுவும் அழிக்கப்படும். தான் இருக்கும் கிளையைத் தானே வெட்டுவதற்கு இது ஒப்பாகும். அதனைப் பனலுக்கு வெளியே, படிவத்தின் மீது வைக்குக.

5. பயிற்சி வினாக்கள்

(1) படிவம் ஒன்றில் ஒரு பனல், பனலின் மீது 4 ரேடியோ பொத்தான்கள், படிவத்தின் மீது நேரடியாக ஒரு பொத்தான், ஒரு டைமர் என்பன வடிவமைப்பின்போது வைக்கப்பட்டுள்ளன. படிவத்துக்கு உரிமையான கூறுகள் எத்தனை? படிவத்தின் பிள்ளைகள் எத்தனை? பனலின் பிள்ளைகள் எத்தனை?

விடை: 7, 2, 4. டைமருக்குப் பெற்றோர் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

(2) பனலின் இடப்பக்கத் தூரம் 100, மேற்பக்கத் தூரம் 60. அதனுள் உள்ள பொத்தானின் தூரங்கள் முறையே 16, 30. பனலுக்கு ஓரம் இல்லையெனக் கொண்டு, படிவத்தின் மூலையிலிருந்து பொத்தான் எங்கே உள்ளது? பனலின் இடப்பக்கத் தூரத்தை 150 ஆக்கினால் பொத்தானின் இடப்பக்கத் தூரம் என்ன?

விடை: 116, 90. பண்பில் அது 16 ஆகவே இருக்கும். படிவத்தின் மூலையிலிருந்து பார்த்தால் 166.

(3) ஆறு பிள்ளைகள் உள்ள பனலில் மேலே காட்டிய பிழையான ஏறுமுகத் தடத்தை இயக்கினால் எஞ்சுபவை எவை?

விடை: 2 ஆம், 4 ஆம், 6 ஆம் பிள்ளைகள். ந = 3 ஆகும்போது வழு ஏற்படும்.

(4) பொத்தானை உருவாக்கியும் அது திரையில் தோன்றவில்லை. வழுச் செய்தியும் இல்லை. முதலில் எதனைப் பரிசோதிப்பீர்?

விடை: அதற்குப் பெற்றோர் குறிப்பிடப்பட்டுள்ளதா என்பதை.

மூன்றாம் வினாவுக்கு விடையை மனப்பாடம் செய்யாது, சுவட்டு அட்டவணையைத் தாளில் வரைந்து பாருங்கள். 0 இலிருந்து எண்ணுதல், தடத்தின் இறுதிப் பெறுமானம், வழு வகைகள் என்பன உங்கள் பரீட்சைக்கு உரியவை. அவை மூன்றும் இவ்வொரு வினாவிலேயே அடங்கியுள்ளன.