நான்கு நூலில் ஒரு பட்டம்



நாம் விடும் பட்டத்துக்கு ஒரே நூல். நான்கு நூல்களில் இயங்கும் பட்டமும் உண்டு. அமெரிக்காவின் சான் டியாகோவைச் சேர்ந்த ஹாட்சிக்கி சகோதரர்கள் 1980களின் இறுதியில் உருவாக்கிய 'ரெவல்யூஷன்' பட்டம் இவ்வகையைப் புகழ்பெறச் செய்தது.

கைக்கு ஒன்றாக இரண்டு பிடிகள். ஒவ்வொரு பிடியிலும் மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். மேல் நூல்களை இழுத்தால் பட்டம் முன்னே பாயும். கீழ் நூல்களை இழுத்தால் வேகம் குறையும், நிற்கும், பின்னாலும் பறக்கும். இரு கைகளும் எதிரெதிராக அசைந்தால் நின்ற இடத்திலேயே சுழலும்.

பழகுவோர் முதலில் நான்கு நூல்களும் சம நீளமா என்று பார்க்க வேண்டும். காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். கையை வீசி இழுக்காமல் மணிக்கட்டை மட்டும் அசைக்க வேண்டும். பட்டத்தை அந்தரத்தில் அசையாமல் நிறுத்தப் பழகிவிட்டால் மற்ற வித்தைகள் எளிதாகும்.

பல நாட்டுப் பட்டங்களைக் காண விரும்புவோருக்கு, 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் தொடங்கிய தமிழ்நாடு சர்வதேசப் பட்டத் திருவிழா நல்ல வாய்ப்பு.

புதுச்சேரியின் மடுகரை, பாகூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல்வெளி பயிற்சிக்கு ஏற்றது. ஆனால் மின்கம்பிகள் அருகில் இருக்கக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் பட்டம் வேண்டாம். செயற்கை இழை மாஞ்சாவை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்துள்ளது. அதைத் தொடவே வேண்டாம்!