எழ மறுக்கும் மடிக்கணினி

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தம் கையாலேயே மடிக்கணினியைப் பொருத்திக்கொள்வோர் இன்று உளர். அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021ஆம் ஆண்டு முதல் விற்றுவரும் மடிக்கணினிகளில், நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் வாங்குவோரே பொருத்தும் வகையும் உண்டு. பொருத்தி முடித்து மின்பொத்தானை அழுத்தியபின் திரை இருண்டே கிடந்தால், தாய்ப்பலகை பழுது என்று முடிவுகட்டத் தோன்றும். அது அவசர முடிவு. கணினி எழுவது ஒரே நிகழ்வன்று. முந்தியது முடிந்தாலன்றிப் பிந்தியது தொடங்காத நிகழ்வுகளின் வரிசை. அது எவ்விடத்தில் நின்றது என்று அறிந்தால், பழுதைத் தேட வேண்டிய இடமும் சுருங்கிவிடும்.

அணைந்து கிடக்கும்போதும் மடிக்கணினியினுள் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு விழித்திருக்கிறது. பொத்தான் அழுந்தியதும் அது 5 வோல்ட், 3.3 வோல்ட், செயலிக்குரிய ஏறத்தாழ 1 வோல்ட் எனப் பல மின்னழுத்தங்களை வகுத்த முறைப்படி எழுப்புகிறது. அவை நிலைபெற்ற பின்னரே செயலி இயங்க விடப்படுகிறது. இன்டெல் செயலி தன் முதற்கட்டளையை, தாய்ப்பலகையிலுள்ள சில்லொன்றில் பதிந்திருக்கும் நிலைபொருளிலிருந்து பெறுகிறது. முதன்மை நினைவகம் அப்போது இன்னும் ஆயத்தமாகவில்லை. ஆதலால் செயலி தன்னுள்ளிருக்கும் சிறு நினைவகத்தையே தற்காலிகப் பணியிடமாகக் கொண்டு, முதன்மை நினைவகத்தைப் பழக்கத் தொடங்குகிறது. திரையும் சேமிப்பகமும் இயங்குதளமும் அதன் பிறகே.

விளக்கு எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் முதற்கட்டமே நிகழவில்லை. யூஎஸ்பி-சி மின்னேற்றி தொடக்கத்தில் 5 வோல்ட் மட்டுமே தரும். கணினியோடு உடன்பாடு ஏற்பட்ட பின்னரே 20 வோல்ட் வரை உயரும். கைப்பேசிக்குரிய சிறிய மின்னேற்றி இங்கே பயன்படாமல் போவது இதனால்தான். மின்பொத்தானிலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்லும் தட்டை வடம் தன் பிடியில் சரியாக அமராவிடினும், பொத்தானை எத்தனை முறை அழுத்தினும் சேதி சில்லைச் சேராது.

விளக்கு எரிந்து விசிறியும் சுழன்று திரை மட்டும் இருண்டிருப்பின், முதல் ஐயம் நினைவக அட்டையின் மீது எழ வேண்டும். டிடிஆர்4 வகை மடிக்கணினி அட்டைக்கு 260 தொடுமுனைகள். டிடிஆர்5 அட்டைக்கு 262. இரண்டின் வெட்டுக்காடியும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் செருகுவாயில் பொருந்தாது. அட்டையைச் சாய்வாகச் செருகி, பொன்னிற முனைகள் ஏறக்குறைய மறையும்வரை உள்ளே தள்ளிப் பின் கீழே அழுத்த வேண்டும். இருபுறத்துக் கொக்கிகளும் 'டக்' என்று பற்றும். பொன்வரி ஒருபுறம் அகலமாகவும் மறுபுறம் குறுகலாகவும் தெரிந்தால் அட்டை கோணலாக அமர்ந்திருக்கிறது என்பது பொருள்.

அட்டை செவ்வனே அமர்ந்திருந்தும் திரை இருண்டிருக்கக்கூடும். புதிய அட்டையைக் கண்டதும் நிலைபொருள், ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் குறிப்புகள் வந்துசேரும் நேரத்தை அளந்து பொருத்தமான அளவைத் தேர்கிறது. டிடிஆர்5 அட்டைகளில் இதற்குச் சில நிமிடங்களும் ஆகலாம். பொறுமையிழந்து இடையில் அணைத்தால் பணி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒருமுறை முடிந்தால் அதன் விடை சேமிக்கப்படுவதால் அடுத்த தொடக்கங்கள் விரைவாகும்.

வெளித்திரையை இணைத்தால் படம் தெரிகிறது எனில், குறை உள்திரையிலோ அதன் வடத்திலோ இருக்கிறது. துவக்குதற்குரிய வட்டு இல்லை என்ற அறிவிப்பு தோன்றினால் அது நற்செய்தி. செயலியும் நினைவகமும் திரையும் நலம் என்பதே அதன் பொருள். புதிய வட்டில் இயங்குதளம் இன்னும் நிறுவப்படாதிருக்கலாம். வட்டே புலப்படாவிடில் அதன் வகையை நோக்க வேண்டும்: சாட்டா வட்டு எம்.2 செருகுவாயில் பொருந்தினும், என்விஎம்இ மட்டும் ஏற்கும் வாயாயின் கணினி அதைக் காணாது. எழுந்து சிறிது நேரத்தில் தானே அணைந்தால், வெப்பம் கடத்தும் தகடு செயலியோடு ஒட்டியிருக்கிறதா, விசிறியின் இணைப்பு செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கைவைக்குமுன் மின்னேற்றியை நீக்கி மின்கல இணைப்பையும் கழற்றுதல் இன்றியமையாதது. உடலில் தேங்கும் நிலைமின்னும் சில்லுகளுக்குப் பகை; நாம் உணராத அளவே அவற்றைச் சிதைக்கப் போதும். பின்னர் வட்டையும் வைஃபை அட்டையையும் எடுத்துவிட்டு, ஒரே நினைவக அட்டையோடு எழுப்பிப் பார்க்க வேண்டும். எழுந்தால், எடுத்தவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்ய வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் விளைவுக்குக் காரணம் எதுவெனப் பிரித்தறிய இயலாது. எழாவிடில் அதே அட்டையை அடுத்த செருகுவாயிலும், மற்றோர் அட்டையை முதல் வாயிலும் இட்டுச் சோதிக்கலாம். பழுது அட்டையைத் தொடர்ந்து சென்றால் குறை அட்டையினுடையது. வாயிலேயே நின்றுவிட்டால் குறை வாயினுடையது.