தீர்ப்பும் நீதியும்: மேகமலை வனவாசிகளின் உரிமை குறித்து ஒரு சிந்தனை

சட்டம் எளியோரின் உரிமையை ஏற்றுக்கொண்டவுடன் நீதி நிலைபெற்றுவிட்டது என நாம் எண்ணுதல் கூடாது. இவ்வுண்மையைத் திருச்சபை வரலாறே நமக்குப் போதிக்கின்றது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், செரோக்கீ பழங்குடியினரின் நாட்டில் வெள்ளையர் எவரும் மாநில அரசின் உரிமமின்றி வசிக்கலாகாது என 1830இல் சட்டமியற்றியது. அம்மக்களிடையே ஊழியம் செய்த சாமுவேல் வொர்செஸ்டர் என்னும் மிஷனரி அதற்கு இணங்க மறுத்து, நான்கு ஆண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். 1832இல் உச்ச நீதிமன்றம், செரோக்கீ நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் அத்தீர்ப்பு அம்மக்களைக் காக்கவில்லை. 1838இல் அவர்கள் படைபலத்தால் மேற்கே துரத்தப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வொர்செஸ்டரை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சங்கமே 1834இல் மதுரை மிஷனைத் தொடங்கியது. ஆகவே இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

இனி மேகமலையை நோக்குவோம். தேனி மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் வாழும் பளியர், தேனும் கிழங்கும் சேகரித்துக் காட்டோடு ஒன்றி வாழ்ந்தவர்கள். ஆங்கிலேய ஆட்சியின் வனச் சட்டங்கள் காட்டை அரசுடைமையாக்கின. அங்கேயே வாழ்ந்தோர் ஆக்கிரமிப்பாளராக எண்ணப்படலாயினர். இந்த வரலாற்று அநீதியை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கின்றது.

அச்சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13க்கு முன் வனநிலத்தைத் தம் பொறுப்பில் வைத்திருந்த பழங்குடியினர், குடும்பத்திற்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். பழங்குடியினர் அல்லாதோர் எழுபத்தைந்து ஆண்டுகள் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபையே. எழுத்துச் சான்றுகளோடு முதியோரின் வாய்மொழியும் எழுதப்பட்டுச் சான்றாக ஏற்கப்படும். விசாரணை முடியும்வரை எவரையும் வெளியேற்றலாகாது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பினால் இவ்வுரிமைகள் அழிந்துபோவதில்லை.

எனினும் உரிமையின் நிலை உறுதியற்றது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டோரை வெளியேற்றுமாறு 2019 பிப்ரவரி 13இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதினைந்தே நாளில், பிப்ரவரி 28இல், தானே அதை நிறுத்திவைத்தது. நிராகரிப்புகள் முறைப்படி நடந்தனவா என்னும் வினா அப்போது எழுந்தது. படிவமும் அவகாசமும் அறியாதவன் மேல்முறையீடு செய்வது எங்ஙனம்?

நாபோத்தின் திராட்சத் தோட்டம் பறிக்கப்பட்டதும் சட்டத்தின் சாயலிலேயே என்பதை நினைவுகூர்வோமாக. முத்திரையிட்ட நிருபங்கள் இருந்தன. மூப்பரின் சபை கூடியது. இரு சாட்சிகளும் நின்றனர். இல்லாதிருந்தது நாபோத்துக்காகப் பேசும் ஒரு குரலே. எலியா வந்தபோது நாபோத் மரித்துப்போயிருந்தான்.

காட்டையும் அதன் உயிர்களையும் காப்பதும் கர்த்தர் நமக்கு அளித்த கடமையே. அக்கடமையைக் காரணமாக்கி எளியோரை அகற்றுதல் தகாது. மலையடிவாரச் சபைகளின் போதகர்கள் இச்சட்டத்தைக் கற்று, கிராம சபை கூடும் நாளை மக்களுக்கு அறிவித்து, முதியோரின் சாட்சியத்தை எழுதித்தர முன்வருவார்களாக. தீர்ப்புக்குப் பின் வரும் எலியாவாக மட்டுமன்றி, விசாரணை நாளிலேயே உடன் நிற்கும் சாட்சியாகவும் திருச்சபை விளங்க வேண்டும்.