128 என்பது எவ்வளவு வெளிச்சம்?

2009-க்கு முன் மேக்கில் செய்த சுவரொட்டியை விண்டோஸ் கணினியில் திறந்தால், பெரும்பாலும் நிழல்கள் கறுத்துப்போய்த் தெரியும். கணினி மாறிய வடிவமைப்பாளர்களுக்கு முதல் அதிர்ச்சி இதுதான். கோப்பில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது.

படக் கோப்புக்குள் இருப்பவை எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. 255 என்றால் முழு ஒளி. அதில் தகராறு இல்லை. 128? பாதி ஒளி என்றுதான் நினைப்போம். பழைய படக்குழாய்த் திரை அப்படி நடந்துகொள்ளாது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒளி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிடும். இந்தச் சரிவின் அளவைத்தான் காமா என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நம் கண்ணும் நேர்மையான அளவுகோல் அல்ல. முழு ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைக் காட்டினால் அது 'பாதி' என்று சொல்லும். படக்குழாயின் கோணலும் கண்ணின் கோணலும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று நேர்செய்துகொள்கின்றன. யாரும் திட்டமிட்டதல்ல. 256 படிகளை வைத்துக்கொண்டே கண்ணுக்கு வழவழப்பான படம் கிடைப்பது இந்தத் தற்செயலால்தான்.

விண்டோஸ் திரையின் இயல்பை அதன் போக்கில் விட்டது. காமா சுமார் 2.2. 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிறத் தரமும் அதை ஒட்டியே அமைந்தது. ஆப்பிளுக்கு அச்சுத் தாள் முக்கியம். திரையில் தெரிவதும் லேசர் அச்சில் விழுவதும் ஒத்துப்போக வேண்டும் என்று 1.8 வைத்தது. கணக்குப் போட்டால், அதே 128 மேக்கில் 29 சதவீத ஒளி, விண்டோஸில் 22. மேக் இயங்குதளத்தின் ஸ்னோ லெப்பர்ட் பதிப்போடு 2009-இல் ஆப்பிளும் 2.2-க்கு வந்துவிட்டது. எந்தத் திரைக்காகச் செய்தது என்று சொல்லும் நிறக் குறிப்பு இல்லாத பழைய கோப்புகளுக்கு மட்டும் வழக்கு இன்னும் முடியவில்லை.

எழுத்தின் கதையும் இதே கதைதான், நமக்கு இன்னும் வலிக்கும்படி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகியவற்றின் எண்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினி அந்த ஆங்கில எழுத்துகளையே காட்டும். அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. யூனிகோடு இதற்கு மருந்து. ஆனாலும் பழைய எழுத்துருக் கோப்புகளைக் கைவிட மனமில்லாதவர்கள் நிறையப் பேர்.

அதனால்தான் அச்சகத்தில் "கர்வ் போட்டுக் கொடுங்க" என்பார்கள். எழுத்துகள் வெறும் வளைகோடுகளாகிவிட்டால் எந்தக் கணினியிலும் உருவம் குலையாது. கடைசி நேரத்தில் யாராவது ஓர் ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்தால் மட்டும், மூலக் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்று தேடிப் போக வேண்டும்.