அளந்து ஒப்படைக்கும் பால்

ருமேனியா நாட்டின் வடமேற்கு மூலையிலே, மலைகள் சூழ்ந்த ஓவாஷ் என்னும் பிரதேசம் உண்டு. அங்கே மே மாதத்தில் 'சம்ப்ரா ஓய்லோர்' எனும் இடையர் விழா நடைபெறுகின்றது. 'சம்ப்ரா' என்றால் கூட்டுச் சேர்தல். ஆட்டுக்காரரின் கூட்டு என்று நாம் சொல்லலாம்.

ஐந்து ஆடு வைத்திருப்பவரும் ஐம்பது ஆடு வைத்திருப்பவரும் தம் செம்மறிகளை ஒரே பட்டியாகச் சேர்த்து, கோடை முழுவதற்கும் மலை மேய்ச்சலுக்கு அனுப்புவர். கறப்பதும் பாற்கட்டி செய்வதும் இடையரின் பொறுப்பு. அப்படியானால் யாருக்கு எவ்வளவு? எல்லார் கண்ணெதிரிலும் ஒவ்வொருவருடைய ஆடுகளையும் கறந்து பாலை அளப்பார்கள். அன்றைய அளவுக்கேற்பவே பின்னர் பாற்கட்டியில் பங்கு. முற்காலத்தில் கணக்கைத் தடியொன்றில் வெட்டுக்களாகப் பதித்து, தடியை நீளவாக்கில் பிளந்து, ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்தால் வெட்டுக்கள் பொருந்த வேண்டும். ஒருவர் தனியே கூட்டவோ குறைக்கவோ இயலாது. பற்றுச்சீட்டு இல்லாமலே இவ்வளவு பந்தோபஸ்து!

அங்குள்ள இடையரின் சாப்பாட்டுக்கு அடிப்படை 'மமலீகா'. சோளன் மாவைக் கொதிநீரில் இட்டுக் கிண்டும் களி அது. குரக்கன் களி கிண்டியவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை. அமெரிக்கக் கண்டத்துச் சோளன் வந்து சேருமுன் அங்கும் சிறுதானியத்திலேதான் களி கிண்டினார்கள். களியை உருண்டையாக்கி, நடுவே பாற்கட்டி வைத்துத் தணலில் சுட்டால் 'புல்ஸ்'. தண்ணீருக்குப் பதிலாகச் செம்மறிப் பாலின் ஆடையில் மாவை இட்டு, வெண்ணெய் கசியும்வரை விடாது கிளறினால் 'பல்மோஷ்'. கை ஓய்ந்துபோகும் வேலை. ஆனால் மலைக் குளிரில் நிற்பவருக்கு அதுவே தாங்கும்.

அவர்கள் பாலில் எதையும் வீணாக்காத விதந்தான் எமக்கு மிகவும் பிடித்தது. ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையிட்டுப் பாலைத் திரட்டி, துணியில் கட்டி வடித்தால் 'காஷ்'. வடிந்த நீரை மறுபடி காய்ச்ச, மென்மையான 'ஊர்டா' திரண்டு மிதக்கும். அதற்கும் மிஞ்சிய நீர் பன்றிக்கும் காவல்நாய்க்கும். காஷைச் சில நாள் புளிக்கவிட்டு, உப்பிட்டுப் பிசைந்து, தோற்பையில் இறுக்கி அடைத்தால் பனிக்காலத்துக்கும் கிடைக்கும். சில ஊர்களில் ஊசியிலை மரப்பட்டையில் பொதிகிறார்கள். பிசின் மணம் அதில் ஏறிவிடும்.

1949 முதல் 1962 வரை அரசு காணிகளைக் கூட்டுப்பண்ணைகளாக்கியபோது, கரடான மலைக்கிராமங்கள் பல அதற்குத் தப்பின. அங்கே ஆடுகள் குடும்பங்களிடமே இருந்தன. பால் அளக்கும் வழக்கமும் பிழைத்தது. 2023இல் யுனெஸ்கோ, ருமேனியா உட்படப் பத்து நாடுகளில் பருவந்தோறும் மந்தை பெயர்க்கும் வழக்கத்தை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். ஆனால் மந்தையோடு போக ஆள் வேண்டுமே! ஓவாஷ் இளைஞர் பலர் பிரான்சுக்கும் பிற நாடுகளுக்கும் உழைக்கப் போய்விட்டார்கள். கோடை முழுவதும் மலையில் தங்கிப் பால் கறக்க இடையரைத் தேடுவதே இப்போது ஆட்டுக்காரரின் பெரும்பாடு.